தடுக்கி விழ எங்கே இடம் அதிகம்? பிரிட்டனில் ஓராண்டா, ஜெர்மனியில் ஈராண்டா

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன், இதுவரை எதற்கும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. இந்த ஜூன் மாதம் கேட்டார். அவர் மகள் எந்திரவியல் படித்துவிட்டு ஓசூரில் ஓராண்டு வேலை பார்த்தவள். அவள் கையில் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து: ஓராண்டு முதுநிலைப் படிப்பு, கட்டணம் 24,000 பவுண்டு. மற்றொன்று கிழக்கு ஜெர்மனியிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து: ஈராண்டுப் படிப்பு, கல்விக் கட்டணம் கிடையாது.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு யாராவது காசு கொடுப்பார்களா?” என்றார் அண்ணி. “அப்படியானால் ஊரிலுள்ள ஏஜென்ட்டுகள் எல்லாம் ஏன் பிரிட்டன் பிரிட்டன் என்கிறார்கள்?” என்றார் அண்ணன். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். 2009 இறுதியில் முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனி போனவன் நான். என் கல்லூரி அறைத்தோழன் 2011 செப்டம்பரில் பிரிட்டன் போனான். ஆகவே என் தட்டு கொஞ்சம் ஜெர்மனிப் பக்கம் சாயும்; படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நாடு உசத்தி என்று நான் பார்க்கவில்லை. முதல் முறை கடல் கடக்கிறவர், அதுவும் வீட்டிலேயே முதல் ஆளாகப் போகிறவர், முதல் ஆறு மாதத்தில் எப்படியும் ஒன்றிரண்டு இடங்களில் தடுக்கி விழுவார். அந்த விழுதலுக்கு எந்த ஊரில் என்ன விலை என்பதை வைத்துத்தான் இரண்டு கடிதங்களையும் எடை போட்டேன்.

மற்ற நாடுகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. அமெரிக்காவை அவளே விலக்கியிருந்தாள். அங்கே படிப்பு முடிந்தபின் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், பொறியியல் படிப்பு என்றால் மேலும் 24 மாதம். அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்ற வாதம் முடிகிறவரை அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்திய மாணவர்கள் அதிகம் நம்பியிருந்த விரைவு விசா வழியையும் மூடியது. அயர்லாந்தில் ஓராண்டு படித்துவிட்டு ஈராண்டு வேலை தேடலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் டப்ளின் வாடகை சம்பளக்காரர்களையே அழவைக்கிறது. மற்றபடி பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பைப் பற்றிக் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அயர்லாந்துக்கும் பொருந்தும்.

பணம்

மாற்று விகிதம் நாளுக்கு நாள் மாறும். மனக்கணக்குக்காக யூரோவை 100 ரூபாயாகவும் பவுண்டை 115 ரூபாயாகவும் வைத்துக்கொண்டோம்.

பிரிட்டன் கடிதத்தின் கட்டணமே 27.6 லட்சம். லண்டனுக்கு வெளியே சிக்கனமாக இருந்தாலும் மாதம் 1,200 பவுண்டு ஆகும் என்று வைத்தால் ஓராண்டுக்கு 16.5 லட்சம். விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். மருத்துவக் கூடுதல் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்குக் கொடுக்கும் விசா ஓராண்டைத் தாண்டி நாலு மாதம் நீளும் என்பதால், அந்த மிச்சத்துக்கும் அரை ஆண்டுக் கட்டணம் சேர்த்து வாங்குவார்கள். மொத்தம் 1,164 பவுண்டு. காசநோய்ப் பரிசோதனை, விமான டிக்கெட், முதல் மாதக் கம்பளி, குக்கர் எல்லாம் சேர்த்தால் 46 லட்சத்திலிருந்து 48 லட்சம். இதில் பெரும்பகுதியை அவள் விமானம் ஏறுமுன்னும், ஏறிய சில மாதங்களிலும் கட்டிவிட வேண்டும்.

ஜெர்மனியில் கல்விக் கட்டணம் இல்லை என்றதும் செலவே இல்லை என்று அண்ணி நினைத்தது இயல்புதான். அங்கே செலவு வேறு வாசல் வழியாக வரும். விசாவுக்கு முன்பே முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவைப் போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. ஏறக்குறைய 12 லட்சம். ஆனால் அது நம் பணம். அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கியதும் மாதம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்பி வரும். செமஸ்டருக்கு 100 முதல் 350 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை உண்டு. பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய். 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஈராண்டுக்கு எல்லாம் சேர்ந்து 25, 26 லட்சம். அதில் இரண்டாம் ஆண்டுப் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஆண்டுச் செலவுக்கு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘ஜெர்மனியில் இலவசம்’ என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. தனியார் நிறுவனங்கள் தனி ரகம். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

அண்ணன், முதலில் புரட்டவேண்டிய ஜெர்மனியின் 12 லட்சத்தையும் பிரிட்டனின் 46 லட்சத்தையும் பட்டறை நோட்டில் எழுதிவிட்டு, நடுவே ஒரு கோடு போட்டார். 12 லட்சம் என்றால் பட்டறை மேல் வாங்கிச் சமாளிக்கலாம். 46 லட்சம் என்றால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். பிணையில்லாக் கல்விக் கடனை அரசு வங்கிகள் பொதுவாக 7.5 லட்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு மேல் சொத்து வேண்டும். அல்லது வட்டி கூடுதலாக வாங்கும் தனியார் நிதி நிறுவனங்களிடம் போக வேண்டும். பத்து சதவீத வட்டி என்றாலும் 46 லட்சத்துக்கு ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்கு மேல் வட்டியே ஓடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது.

பிரிட்டனுக்காக ஏஜென்ட்டுகள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: ஓராண்டு முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்கலாமே என்பார்கள். பிரிட்டனில் தொடக்க நிலைப் பொறியாளர் சம்பளம் 30,000 பவுண்டை ஒட்டி இருந்தால், அந்த ஓராண்டு முந்தல் உண்மையிலேயே பெரிய தொகைதான். ஆனால் அந்த வாதம் ‘வேலை உடனே கிடைத்தால்’ என்ற ஆணியில் தொங்குகிறது. ஆணி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைத்தான் அடுத்துப் பார்க்கவேண்டும்.

நாட்காட்டி

பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பில் ஓராண்டு என்பது பேச்சுக்குத்தான். செப்டம்பர் நடுவில் போய் இறங்குவாள். டிசம்பர் நடுவில் முதல் பருவம் முடியும். ஜனவரியில் தேர்வு, மே மாதம் இரண்டாம் சுற்று, பிறகு கோடை முழுக்க ஆய்வேடு. செப்டம்பர் வந்தால் முடிந்தது. பெரிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை எடுக்கும் திட்டங்களுக்கான விண்ணப்பங்களோ, அவள் போய் இறங்கும் செப்டம்பரிலேயே திறந்து, பலவும் டிசம்பருக்குள் மூடிவிடும். அரிசி எங்கே விற்கிறது என்று கண்டுபிடிக்குமுன் அடுத்த ஆண்டு வேலைக்கான எழுத்துத் தேர்வும் காணொளி நேர்காணலும் தொடங்கிவிடும். அந்த நாட்டில் மூன்றாண்டு இளநிலை படித்தவர்களோடு, வந்து மூன்று வாரம் ஆனவள் போட்டியிட வேண்டும். ஆய்வேட்டுக் கோடையில் முழுநேர வேலை பார்க்கலாம் என்று பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். முதுநிலை மாணவர்களுக்கு அந்தக் கோடையும் படிப்புக் காலம்தான். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் விசா விதிமீறல்.

ஜெர்மனியில் அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கி பிப்ரவரியில் முடியும். பெரும்பாலான பாடங்களில் வருகைப் பதிவு கிடையாது, நம் ஊர் போல இன்டர்னல் மதிப்பெண் கிடையாது. பருவ முடிவில் ஒரே தேர்வு, அதுதான் எல்லாம். இந்தச் சுதந்திரம் எனக்கு முதல் பருவத்தில் விஷமாக இருந்தது. நான்கு ஆண்டு உள்மதிப்பீட்டின் கைப்பிடித்து நடந்தவனுக்குக் கைப்பிடி இல்லாத படிக்கட்டு. அதிர்வியல் தாளில் 5.0 வாங்கினேன். பத்துக்கு ஐந்து, எப்படியோ தப்பித்தோம் என்று மகிழ்ந்துபோய் பக்கத்து அறைக்காரனுக்குக் காபிகூட வாங்கிக் கொடுத்தேன். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் அவன் சொன்னான்: அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சிக் கோடு, 5.0 என்றால் தோல்வி.

அந்தத் தோல்விக்கு நான் கொடுத்த விலை அடுத்த முறை மீண்டும் எழுதியது மட்டும்தான். அபராதம் இல்லை, கூடுதல் கட்டணம் இல்லை. படிப்பு ஒரு பருவம் நீண்டது. என் வகுப்பில் பாதிப் பேருக்கும் நீண்டது. வேலைக்கான நேர்காணலில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. எல்லை ஒன்று உண்டு: பொதுவாக ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புகள். மூன்றாவதிலும் தவறினால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் கிட்டத்தட்ட முடியாது. விழ இடம் உண்டு, ஆனால் அடியில் கல் இருக்கிறது.

என் அறைத்தோழன் கதை வேறு மாதிரி. அவன் ஜனவரியில் ஒரே ஒரு தாளில் தவறினான். மறுதேர்வு ஆகஸ்டில்; எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது என்பது விதி. அதே ஆகஸ்டில் ஆய்வேட்டின் கடைசி வாரங்கள். இரண்டையும் முடித்தான், முடித்துத்தான் காட்டினான். ஆனால் அந்தக் கோடையில் வேலை தேட ஒரு நாள்கூட அவனுக்கு மிஞ்சவில்லை.

மிஞ்சியிருந்தாலும் பயன்பட்டிருக்காது. படிப்புக்குப் பின் ஈராண்டு தங்கி வேலை பார்க்கும் விசாவை பிரிட்டன் 2012 ஏப்ரலில் மூடிவிட்டது. அவன் புறப்படும்போதே அறிவிப்பு வந்திருந்தது. “அதெல்லாம் திரும்ப மாற்றிவிடுவார்கள்” என்று சொல்லி அனுப்பிவைத்தார் ஏஜென்ட். மாற்றினார்கள்தான், 2021இல். இதற்கு நேர்மாறாக, அதே 2012 ஆகஸ்டில் ஜெர்மனி, வேலை தேடும் காலத்தை 12 மாதத்திலிருந்து 18 மாதமாக உயர்த்தியது. நான் படித்து முடித்த ஆண்டு அது. அவனைவிட நான் கெட்டிக்காரன் இல்லை. அவன் எப்போதும் என்னைவிட இரண்டு இடம் மேலே இருந்தவன். விதி மாறிய திசைதான் வேறு.

மொழி

பிரிட்டன் கனமாக வெல்லும் இடம் இது, மறுக்கமாட்டேன். இறங்கிய அன்றே வீட்டுக்காரரிடம் பேசலாம், மருத்துவரிடம் வலியைச் சொல்லலாம், பேராசிரியரிடம் சண்டையும் போடலாம்.

ஜெர்மனியில் படிப்பு ஆங்கிலத்தில் இருக்கும், வாழ்க்கை ஜெர்மனில் இருக்கும். மென்பொருள் துறையில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஓரளவு ஓட்டலாம். என் அண்ணன் மகள் போக விரும்புவது தொழிற்சாலைப் பக்கம். ஷிஃப்ட் மாறும்போது இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசப்படும் மொழி அங்கே ஜெர்மன்தான். மொழித் தேர்ச்சிப் படிகளில் நடுப்படியான பி1 இருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு அடுத்த படியான பி2 இருந்தால் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பது என் அனுபவக் கணக்கு. அவள் ஜெர்மன் கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில், பி1க்கு முந்தைய படியான ஏ2 முடித்திருக்கிறாள். வார இறுதி வகுப்புக்கு ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து படித்தாள் என்பதை, அவள் மதிப்பெண் பட்டியலைவிடப் பெரிய தகுதியாக நான் எடுத்துக்கொண்டேன்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜெர்மனில் ஒரு சிறு சலுகை இருக்கிறது. துணைவாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலேயன் அதில் திணறுவான், நமக்கு அது வீட்டுச் சாப்பாடு. சொற்களை ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாக்குவதும் நமக்குப் பழக்கம்தான். பெயர்ச்சொல்லுக்கு ஆண், பெண், அஃறிணை என்று பிரித்துவிட்டு ‘சிறுமி’யைக் கொண்டுபோய் அஃறிணையில் வைத்திருக்கிறார்களே, அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மொழி தெரியாத முதல் ஆண்டின் தனிமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை பால் வாங்க மறந்தால் திங்கள்கிழமை வரை கறுப்புக் காபி. சிறு நகரத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் நடக்கும் சத்தம் நம் செருப்புச் சத்தமாக மட்டும் இருக்கும். ஒருமுறை நான் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு செய்த கோயில் அது. கோபுரத்தைப் பார்த்தபோது வந்ததைவிட, அங்கே ஒரு பாட்டி “சாப்பிட்டியா?” என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பிரிட்டனில் இந்த வறட்சி குறைவு. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இறங்கினால் தமிழிலேயே காய்கறி பேரம் பேசலாம்.

பெயரும் காகிதமும்

ஆங்கிலக் கட்டுரைகளில் வராத ஒன்றைச் சொல்கிறேன். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். காலியான கட்டத்தைக் கண்டால் ஐரோப்பிய அலுவலகக் கணினிகள் திகைத்து நின்றுவிடும். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிவான பெயர், பல்கலைக்கழகக் கடிதத்தில் இன்னொரு வரிசை என்று மூன்று விதமாக இருந்தால், இரண்டு நாட்டிலும் தொல்லைதான். ஜெர்மனியில் கூடுதல் தொல்லை. எல்லாம் தபாலில் வரும், தபால் பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்ததால், மூன்று ஆண்டுகள் அந்த நாடு என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டது. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். விண்ணப்பிக்குமுன் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள். இதற்கு ஒரு மாதம் செலவழிப்பது வீணல்ல.

காகிதத்தில் ஜெர்மனி கொடுமை. வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். பதிவுத் தாள் இல்லாமல் வரி எண் வராது, வெளிநாட்டவர் அலுவலகம் ஒன்றும் செய்யாது. அந்த அலுவலகங்களில் நாள் கிடைக்கவே வாரங்கள் ஆகும். வீட்டு முன்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும்; மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள், அது உண்மைக் கடிதம். பிரிட்டனில் பெரும்பாலான வேலை இணையத்திலேயே முடிந்துவிடும்.

பட்டம் வாங்கிய பிறகு

பிரிட்டனில் படித்து முடித்தவர்களுக்கான விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு ஈராண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்பவள் விண்ணப்பிக்கும்போது அந்த நாள் தாண்டியிருக்கும். அந்த விசாவுக்கும் 800 பவுண்டுக்கு மேல் கட்டணம். மருத்துவக் கூடுதல் கட்டணம் இப்போது மாணவர் விகிதத்தில் இல்லை, ஆண்டுக்கு 1,035 பவுண்டு. வேலையில்லாமல் தேடத் தொடங்குமுன்பே இரண்டரை, மூன்று லட்சம் போய்விடும். அதன்பின் அங்கேயே தங்க, வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் வேண்டும். அந்த விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400 என்ற சலுகை உண்டு. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்தாண்டு என்றிருந்ததைப் பத்தாக்கும் திட்டத்தையும் அரசு 2025இல் அறிவித்தது.

ஜெர்மனியிலும் 18 மாதம்தான். ஆனால் அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்துகொண்டு தேடலாம். அனுமதிக்கான கட்டணமும் சிறிது. படிப்புக்குப் பொருத்தமான வேலை கிடைத்து, ஈராண்டு ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டி, பி1 மொழித் தேர்ச்சியும் காட்டினால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். அதைவிட முக்கியம், படிக்கும்போதே நிறுவனத்துக்குள் கால் வைக்கும் வழி. ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். வாரம் 20 மணி நேரத்துக்குள் துறைசார்ந்த மாணவர் வேலை, பிறகு அதே நிறுவனத்தில் சம்பளத்தோடு ஆறுமாத ஆய்வேடு என்று போனவர்கள், பட்டம் வாங்கும்போதே அங்கே பாதி ஊழியராகிவிட்டிருப்பார்கள். எனக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். விண்ணப்பம் போட்டு அல்ல, என்னோடு ஓராண்டு மதிய உணவு சாப்பிட்ட மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சொன்னதால்.

இன்றைய நிலவரத்தையும் மறைக்கக்கூடாது. என் காலத்து ஜெர்மன் கார்த் தொழில் இன்று இல்லை. ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் ஜெர்மனியில் 35,000 பணியிடங்களைக் குறைப்பதென 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பட்டது. உதிரிபாக நிறுவனங்களிலும் ஆட்குறைப்பு நடக்கிறது. கார் என்று மட்டும் கனவு காண்கிறவர் இரண்டாவது கனவு ஒன்றையும் மடித்து வைத்துக்கொள்ளவேண்டும்; ரயில், மின்கட்டமைப்பு, மருத்துவக் கருவி என்று ஏதாவது ஒன்று.

ஏஜென்ட்டுகள்

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே இல்லாதபோது கமிஷன் எங்கிருந்து வரும்? அதனால்தான் ஜெர்மனி வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களைக் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளின் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஆங்கிலத்தில் வாயினிக்கும் பெயர், பெர்லின் முகவரி, ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம். அந்தப் பணத்துக்கு பிரிட்டனிலேயே நல்ல இடத்தில் படிக்கலாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் இணையதளத்தில் படிப்புகளையும் கட்டணத்தையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், காசில்லாமல்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் நுழைவது எளிதும் அல்ல. நம் சராசரியை அவர்கள் அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக் கோட்டுக்குமான வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். பத்து உச்சம், ஐந்து தேர்ச்சி என்றால் 8.0 சராசரி 2.2 ஆகும்; 7.5 என்பது 2.5 ஆகும். 2.5ஐத் தாண்டினால் கதவடைக்கும் படிப்புகள் பல. இளநிலையில் படித்த பாடங்கள் அங்குள்ள பாடத்திட்டத்தோடு பொருந்துகின்றனவா என்றும் பார்ப்பார்கள். பிரிட்டன் இதில் கைதாராளம். 60 சதவீதத்துக்கே கதவு திறக்கும் இடங்கள் உண்டு.

பிரிட்டனைத் தேர்ந்தெடுங்கள் என்று நானே சொல்லக்கூடிய ஆட்களும் இருக்கிறார்கள். நான்கைந்து ஆண்டு வேலை பார்த்து, என்ன கற்கவேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர். ஊரில் வேலை காத்திருக்க, ஓராண்டு விடுப்பில் போகிறவர். சட்டம், நிதி, பொதுக்கொள்கை படிப்பவர். பிரிட்டன் அரசின் செவனிங் அல்லது காமன்வெல்த் உதவித்தொகை கிடைத்தவர். செவனிங் வாங்கினால் முடித்தபின் ஈராண்டு ஊருக்குத் திரும்பவேண்டும் என்ற நிபந்தனை அவருக்கு இடைஞ்சலே இல்லை. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு உதவி கிடைத்தால் கணக்கே தலைகீழாக மாறிவிடும். கடன் இல்லாதபோது வேகமான படிப்பு ஒரு வரம்தான். வேற்று மொழியைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறவர்களும் ஜெர்மனி போய் மூன்றாண்டு முகம் சுளித்துக்கொண்டு வாழவேண்டாம்.

அண்ணன் மகள் இதில் எந்த வகையிலும் இல்லை. 22 வயது, ஓராண்டு அனுபவம், 8.1 சராசரி, ஏ2 ஜெர்மன், கூடவே அடமானம் வைக்காத வீடு. ஜெர்மனி போ என்றேன். அக்டோபருக்குள் பி1 வகுப்பில் பாதியாவது முடித்துவிடு, முதல் பருவத்தில் பகுதிநேர வேலைக்கு அலையாதே, நான்கு தாள்களுக்கு மேல் பதியாதே என்றும் சொன்னேன்.

பிரிட்டன் முன்பணம் கட்டக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. அவள் கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்: “சித்தப்பா, 5.0 வாங்கினதை அப்போது வீட்டில் சொன்னீர்களா?”

“இல்லை கண்ணு. உன் அப்பாவுக்கே இன்றைக்குத்தான் தெரியும்.”

அண்ணன் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “அந்த மார்ச் மாதம் நீ பன்னிரண்டு நாள் போன் பேசவில்லை” என்றார்.